மூடாத கோடு

வால்பரைசோ. ஜூலை மழை.
நகராட்சியின் மூன்றாம் மாடியில்
ஹிமேனா ஓயார்சூன்
ஒரு மலையை எழுப்பிக்கொண்டிருந்தாள்.

திரையில் கிடந்தது தட்டை வரைபடம்,
குறுக்கே நறுக்கிய வெங்காயம்போல்
வளையத்துக்குள் வளையம்.
ஒவ்வொன்றுக்கும் உயரம் சொல்லி
ஒரு சொடுக்கு:
பத்து மீட்டர் எழுந்தது, இருபது எழுந்தது,
முப்பது.
நாற்பது படுத்தே கிடந்தது.

பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கி,
கோடு கயிறாகி, கயிறு சாலையாகும்வரை போனாள்.
ஒரு முனை மறுமுனையைத் தொடவில்லை.
மயிரிழை.
அந்த ஓட்டை வழியே
மலை மொத்தமும் ஒழுகிப் போயிருந்தது.

இழுத்து ஒட்டினாள். நின்றது.
காபி ஆறிவிட்டிருந்தது.

படிக்கட்டுகள் இன்னும் மோசம்.
காகிதத்தில் நெருங்கிய இணைகோடுகள்,
தூக்கியதும் வேலிகளாயின.
நூற்றறுபத்திரண்டு படிகள்.
ஒவ்வொன்றாகத் தாழ்த்தினாள்,
கணக்காளர் இரண்டு முறை வந்து
விளக்கை அணைக்கவா என்று கேட்டுப் போனார்.

வியாழனன்று அச்சாகி வந்ததைத்
தடவிப் பார்க்க நயாரெத் வந்தாள்.
அவள் குடியிருப்பது அந்த மலையில்தான்,
கண்ணால் பார்த்ததில்லை.
கட்டைவிரல் ஏறியது, நின்றது,
இரண்டு படி இறங்கி மறுபடி ஏறியது.

"இங்கே ஒரு சந்து இருக்குமே,
காற்று சட்டென்று இடப்பக்கம் அடிக்கும்.
சுவராய்க் கிடக்கிறதே?"

அளந்தவன் தவறவிட்டானா,
தெரிந்தே விட்டுவைத்தானா?
அன்றிரவு கோப்பைத் திறந்து
ஒட்டிய இடத்தைத் தேடினாள்.
சுற்றிச் சுற்றி வந்தாள்.

மூடிய வளையத்தில்
முனை ஏது.