வடக்கு போடாத தாள்

ஒச்சப்பன் போன் செய்தபோது மணி ஏழேகால்.
"கோடு போட்டாச்சு மேடம். ஆனா
எந்த ரூமுக்கும் வாசலக் காணோமே."

நாகமலை புதுக்கோட்டையில்
உக்கிரபாண்டியின் நாலரை சென்ட்.
இரண்டு பெட்ரூம், ஈசானத்தில் போர்,
கிழக்கே வாசல்.
முந்தின இரவு நான் சுருட்டிக் கொடுத்தது
அந்தத் தாள் இல்லை.

உக்கிரபாண்டி வேண்டாமென்ற பழைய பிளான் அது.
முன்பக்கம் குறுக்கே அடித்திருந்தேன்.
ஒச்சப்பன் திருப்பிப் பார்த்திருக்கிறார்.
முதுகில் இருந்தது
என் ஐப்பசி மாதத்து இரவுகள்.

முப்பத்தேழு வருடமாக இப்படித்தான்.
பகலில் செங்கோணம்,
ராத்திரியில் அதே தாளின் மறுபுறம்
பெயர் வைக்காதவை.
கல்லூரியில் மதிப்பெண் போட வந்தவர் ஒன்றைத்
தலைகீழாகப் பிடித்துக்கொண்டு
"இதில் யாரம்மா குடியிருப்பார்கள்?" என்றார்.
எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

கட்டியவை நாற்பத்திரண்டு.
ஊமச்சிகுளம் கல்யாண மண்டபத்தின்
வளைந்த முன்சுவருக்கு ஒரு மாதம் செலவழித்தேன்.
இப்போது அதை மறைத்து
வாரம் ஒரு மாப்பிள்ளை பிளெக்ஸில் பல் காட்டுகிறார்.
கே.கே. நகர் வீட்டில் வானத்துக்கென்று விட்ட இடத்தில்
தகர ஷீட், கீழே இரண்டு ஸ்கூட்டர்.
குறையில்லை.
நனைகிறவர்கள் அவர்கள்தானே.

வரைந்ததில் யாரும் இதுவரை
ஒரு ஜன்னல்கூடச் சேர்த்ததில்லை.
பீரோவின் மேல், சூட்கேஸுக்குப் பின்னால் கிடக்கும்.
ஒட்டடை அடிக்கும் நாளில் செல்வின்
பல்லி முட்டையைத் தட்டிவிட்டு விரித்துப் பார்ப்பார்.
எதைப் பார்த்தாலும் "உன் மலை" என்பார்.
மலை இல்லை என்பேன்.
பிறகு என்ன என்று அவரும் கேட்டதில்லை.

நடுவில் மூன்று வருடம் ஒன்றுமே வரவில்லை.
கை செங்கோணத்திலேயே நின்றுவிட்டது.
மாநகராட்சி அலுவலகத்தில் ஒரு மதியம்
கையெழுத்துக்குக் காத்திருந்தேன்.
யாரோ டீ கிளாஸை எடுத்த இடத்தில், என் விண்ணப்பத்தின் மேல்,
ஓர் ஈர வட்டம்.
காய்வதற்குள் விரலால் இழுத்தேன்.
புது விண்ணப்பம் எழுத வேண்டியதாயிற்று.

ஆட்டோவை விட்டு இறங்கியபோது
செம்மண்ணில் வெள்ளையாகக் கிடந்தது அது.
சுண்ணாம்புத் தூள், முளைக்குச்சி, நூல்.
"இன்ச்சுக்கு நாலடின்னு பிடிச்சேன்.
ரெண்டு எடத்துல பக்கத்து மனைக்குள்ள போகுது.
இந்தக் கருப்ப செப்டிக் டேங்க்னு எடுத்துக்கிட்டேன்."

கருப்பு, மை கொட்டியது.
அதைச் சொல்லவில்லை.

எனக்குக் கை நடுங்கிய வளைவு
அவர் கயிற்றில் நடுங்காமல் போயிருந்தது.
"வடக்கு போடலையே மேடம்.
சரி, மலையப் பாத்து வச்சுட்டேன்."
நிமிர்ந்தேன்.
நாகமலை அதன்பாட்டுக்குப் படுத்திருந்தது.
கீழே கோடு. மேலே கோடு.
செல்வினிடம் இதைச் சொல்லப் போவதில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு
வாசல் இல்லாத இடத்தில் காலை எடுத்து வைத்தேன்.
எட்டு எட்டில் ஒரு மூலை,
அங்கிருந்து அகன்று அகன்று ஒரு வயிறு.
கையகலத் தாளில் இவ்வளவு காற்று இருந்தது
எனக்குத் தெரியாது.
சித்தாள் பேச்சியம்மா தண்ணீர்க் குடத்தோடு
ஒரு கோட்டையும் மிதிக்காமல்
சுற்றிச் சுற்றி வந்து
நடுவில் இறக்கி வைத்தாள்.
அங்கேதான் நிழல் வருமாம்.

பத்தரைக்கு பூமி பூஜை.
விளக்குமாறை எடுத்த ஒச்சப்பன்
"அந்த ஒண்ணு மட்டும் நல்லா விழுந்துச்சு" என்றார்.
எது என்று கேட்குமுன் கூட்டிவிட்டார்.

தாள் என்னிடம் திரும்பி வந்துவிட்டது.
கோடுகளின் ஓரமெல்லாம் அவருடைய பென்சில்:
நாலேகால் அடி. பதினொன்று. ஆறரை.
மைக்கறையின் பக்கத்தில்
டேங்க், ஒரு கேள்விக்குறி.
ரப்பர் மேசைமேல்தான் இருக்கிறது.