கொழுத்த காலை

எங்கள் ஊரில் சோம்பேறியின் உள்ளங்கையில்
ஒரு மயிர் முளைத்திருக்கும் என்பார்கள்.
உழைக்கிற கையில் முளைக்காதாம், தேய்ந்துவிடுமாம்.
கோன்கார்னோ மத்தி ஆலையில்
பத்தொன்பது வருடமாக டின் அடைக்கும் கை இது.
திருப்பிப் பார்த்தேன்.
மயிர் இல்லை. ஒரு செதில் ஒட்டியிருந்தது.

பட்டாளத்திலிருந்து திரும்பிய என் கணவன் கூல்வென்
படுத்துக் கிடப்பதை
"குமிழியை நிறுத்துவது" என்பான்.
ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நின்றுவிட்டால்
எல்லாம் மட்டம், இனி யாரும் அசைய வேண்டாம்.
எட்டு மாதமாக அவன் குமிழி அசையவில்லை.

பக்கத்து வீட்டு ஹெஸ்டர் டெவன்காரி.
முட்டைகோஸ் நீட்டுகிற மாதிரி
வேலிக்கு மேலே தன் சொற்களை நீட்டுவாள்.
அங்கே சோம்பேறி என்றால் எலும்பாம்.
சோபாவில் கிடக்கும் உருளைக்கிழங்காம்.
படுக்கையில் ஊரும் ஓடில்லாத நத்தையாம்.
"உன் தோட்டத்தில் இருப்பதெல்லாம் வசவுதானா?"
சிரித்தாள். களை பிடுங்கிக்கொண்டே
இன்னொன்று சொன்னாள்:
வண்டி நகராமல் உறுமி நிற்கும் எஞ்சினுக்கும்
சும்மா இருக்கிற ஆளுக்கும்
அவர்களிடம் ஒரே சொல்.

அன்று சாயங்காலம் கதவோரம் நின்று
கூல்வெனைக் காதுகொடுத்துக் கேட்டேன்.
உறுமல் இருந்தால் நல்லது என்று நினைத்தேன்.
டீசல் தீருகிற சத்தம் மட்டும் கேட்டது.

இந்தச் சொற்களெல்லாம் ஆண்களுக்குத் தைத்த சட்டை.
எனக்கு யாரும் அளவெடுத்ததில்லை.
அது பாராட்டு என்று வெகுநாள் நம்பியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை ஆலையில் கொதிகலன் பழுது.
நாளை யாரும் வர வேண்டாம் என்று
வாயிலில் ஒரு காகிதம், ஈரத்தில் சுருண்டிருந்தது.
வீட்டில் சொல்லவில்லை.
மூன்று நாற்பதுக்கு அலாரம் அடித்தது.
அணைத்தேன்.
கால் தானாகச் செருப்பைத் தேடியது,
அதையும் உள்ளே இழுத்துக்கொண்டேன்.

வெயில் ஏறும்வரை படுத்திருப்பதை
பிரெஞ்சில் கொழுத்த காலை என்கிறோம்.
"இருப்பது" என்றில்லை, "செய்வது" என்றே சொல்கிறோம்,
ரொட்டி செய்வதுபோல.
என் காலைகள் எல்லாம் முட்டையிட்டு முடித்த மத்தி:
முள்ளும் தோலும்.

ஒன்பது மணிக்கு அறைவாசலில் கூல்வென்.
வலது காலில் மட்டும் காலுறை.
கையில் காப்பி, பாதி சாசரில்.
நான் படுத்திருக்க
இந்த வீட்டுக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்.

"உடம்புக்கு என்ன?"

"கொழுப்பு," என்றேன்.
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.