வெங்காயத்தோடு வந்தவள்

இனாரியில் டிசம்பர்.
மதியம் இரண்டு மணிக்குக் கடை விளக்கைப் போட்டேன்,
துவோவி உள்ளே வந்தாள்.
கோட்டுப் பையிலிருந்து ஒரு வெங்காயம்,
ஒரு பிர்ச் விறகுத் துண்டு.

"ஒரே கத்தி.
காட்டுக்கும் அதுதான், கரண்டி செதுக்கவும் அதுதான்,
சமையலுக்கும்.
என் குடிசையில் மாட்ட ஒரே ஆணிதான் இருக்கிறது."

மடக்குக் கத்தி வேண்டாமாம்.
இந்தக் குளிரில் என் விரல் மூட்டுகளே
மடங்க மாட்டேன் என்கின்றன,
கத்திக்கு வேறு மூட்டு எதற்கு என்றாள்.

தடித்த முதுகுக்காரனைக் கொடுத்தேன்.
முதுகில் கட்டையால் ஒரு போடு, விறகு இரண்டானது.
வெங்காயமும் அப்படியே,
நறுக்கவில்லை, பிளந்தது.

அடுத்தது மெலிந்தது.
வெங்காயம் கண்ணாடிச் சில்லாய் விழுந்தது.
மரக்கணுவில் அலகு நெளிந்தபோது
எனக்குப் பல் கூசியது.

மூன்றாவது கார்பன் எஃகு.
நான்கு விரல் நீளம், பிர்ச் பட்டைப் பிடி.
துருப் பிடிக்கும்,
எதிலும் முதல் மதிப்பெண் வாங்காது
என்று சொல்லித்தான் நீட்டினேன்.
அவள் பேசவில்லை.
சுருள் சுருளாய் மரம் சீவினாள்,
பிறகு மிச்ச வெங்காயம்.
கொஞ்சம் தடிமன்தான். சூப்புக்குப் போதும்.

இருவரும் கண்ணைத் துடைத்து நிமிர்வதற்குள்
அலகில் நீலமும் சாம்பலுமாய்க் கறை.
சட்டை நுனியால் தேய்த்தாள், போகவில்லை.
உள்ளேயிருந்து புதிதாக ஒன்று தருகிறேன் என்றேன்.

"வேண்டாம்.
என் வெங்காயம், என் கறை."

முழு விலையும் கொடுத்தாள்.
உறையை இடுப்பில் செருகிக்கொண்டு
பனிக்குள் போனாள்.

மேசையைத் துடைக்கவில்லை நான்.
மெல்லிய துண்டுகளை ரை ரொட்டியில் பரப்பித் தின்றேன்.
பிறகு, பிளந்ததையும்.