துவைக்கும் முன்

திங்கட்கிழமை விடியும் முன்பே வந்துவிடுவார்.
கொப்பரைத் தண்ணீர் இன்னும் கொதி கண்டிருக்காது.
"டோர்காஸ், நனைத்துவிட்டாயா?"
அதுதான் அவருடைய காலை வணக்கம்.

சேத் ஓர்மராட்.
வென்ஷா கால்பந்து அணியின் மேலாளர்,
அதற்கு முன் வீடு வீடாகப் போய்
எரிவாயு மீட்டர் கணக்கெடுத்தவர்.
பந்தை நேராக உதைக்க வராது.
கேட்ட சம்பளம் குறைவு,
அதனால் இயக்குநர்களுக்குப் பிடித்துப்போயிற்று.

பதினோரு சட்டைகளையும் கல்தரையில் விரிப்பேன்,
கைகளை அகட்டி, தலையில்லாத ஆட்களாக.
அவர் மண்டியிட்டு விளக்கைத் தாழ்த்துவார்.

எங்கள் மைதானம் ஒரே மண் அல்ல.
ஆற்றோரக் கோல் அருகே செங்களி.
எதிர்க் கோலில் எரிவாயு ஆலையின் கரித்தூள்.
நடுவே, பள்ளம் தூர்க்கக் கொட்டிய மஞ்சள் மணல்.
பீர் ஆலைப் பக்க ஓரத்தில்
வண்டிக் குதிரைகள் குறுக்கே போகும்;
அதற்கு மூக்கே போதும்.

முதல் தடவை வாய் சும்மா இருக்காமல் சொன்னேன்:
"உங்கள் வாட்மஃப் முழுக்க மணலிலேயே விழுந்திருக்கிறார்.
ஓரத்தில் அவருக்குப் பதில்
குதிரைதான் காவல் நின்றிருக்கும்."
அவர் சிரிக்கவில்லை.
காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

சேற்றுக்கும் மேல்மாடி கீழ்மாடி உண்டு.
அடியில் காய்ந்து இறுகியது முதல் பாதி,
மேலே ஈரமாய் அப்பியது இரண்டாம் பாதி.
இதுவும் நான் சொன்னதுதான்.
அன்றிலிருந்து வாரம் ஆறு பென்ஸ் தந்தார்,
தன் பையிலிருந்து,
கிளப்புக்குத் தெரியாமல்.

முதல் பாதியில் எங்கள் கோல் ஆற்றோரம்.
அடிச்சேற்றில் செங்களி இருந்தால்
பின்னால் ஓடி வந்து உதவினான் என்று பொருள்.
ஐந்து முன்கள ஆட்டக்காரர்களின் சட்டையிலும்
நவம்பர் முழுக்க
ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை.
பந்து வரும் வரும் என்று
ரயிலுக்கு நிற்பவர்களைப் போல நின்றிருக்கிறார்கள்.

டிசம்பரில் இரண்டு பேரைப் பின்னுக்கு இழுத்தார்.
'கோழை ஆட்டம்' என்றது செய்தித்தாள்.
ஜனங்கள் சாம்பலை வாரி வீசினார்கள்
(அதையும் நான்தான் துவைத்தேன்).
பிறகு ஒன்பது ஆட்டம் வரிசையாக ஜெயித்தோம்;
சாம்பல் வீசிய அதே கைகள்
தொப்பிகளை வீசின.

ஃபேர்கிளஃப் என்று ஒருவன்,
ஆட்டம் முடிந்ததும் யாருமில்லாதபோது
ஆற்றோரம் போய்ப் புரண்டுவிட்டு வந்தான்.
விழுந்த சேறு ஒரு தோளில் அறையும்,
புரண்ட சேறு
ரொட்டியில் வெண்ணெய் மாதிரி சமமாகப் படியும்.
என்னிடமா?

லண்டன் அவரைக் கூப்பிட்டது.
புதுக் கோட்டு, முதல் வகுப்பு டிக்கெட்.
கூட என்னை யாரும் கூப்பிடவில்லை,
கூப்பிட்டாலும் போயிருக்க மாட்டேன்.
மூன்றாம் மாதம் கடிதம்:
'இங்கே மண்ணெல்லாம் ஒரே நிறம்.
சட்டைகள் வண்டியில் எங்கோ போய்
கஞ்சி போட்டு, மடித்துத் திரும்புகின்றன.
மைதானத்தில் ஊமையாக நிற்கிறேன்.'

தோட்டக்காரருக்குக் காசு கொடுத்து
மூலைக்கொரு நிறமாகச்
சுண்ணாம்புத் தூள் தூவச் செய்தாராம்.
தலைவரின் மனைவியுடைய காலணி நீலமாகிவிட்டது.
பதினோராம் மாதம் அனுப்பிவிட்டார்கள்.

பிறகு ஸ்வீடனில், கோத்தன்பர்க்கில் இருந்தார் என்று
தபால் முத்திரையைப் பார்த்துத்தான் தெரியும்.
ஒரு பொட்டலம்.
உள்ளே துவைக்காத சட்டை ஒன்று,
கடிதமில்லை, சீட்டு மட்டும்:
'எங்கே விழுந்திருக்கிறான்?'

பார்த்தறியாத சாம்பல் நிறச் சேறு.
முகர்ந்தேன். நுனிநாக்கால் தொட்டேன்.
உப்பு.
எழுதினேன்: கடல் பக்கம், வலது ஓரம்,
இரண்டாம் பாதி, களைத்த பிறகு.
இடது காலை நம்பாதவன்.

சரியா தவறா, பதில் வரவில்லை.
அந்த ஆகஸ்டில் தபால் எல்லாமே குழம்பிவிட்டது,
ஃபேர்கிளஃபும் வாட்மஃபும்
வேறு சேற்றுக்குப் போனார்கள்.

சட்டை இன்னும் அலமாரியில் இருக்கிறது,
அழுக்கோடு.
என் தொழிலுக்கே இழுக்கு.