நான்காவது காலம்

ஜெசிந்தா மார்ச் இருபத்தெட்டில் சேர்ந்தாள்.
நான் ஏப்ரல் பதினேழு.
ஒரே பட்டியல், அடுத்தடுத்த பெயர்.
மேட்டூரில் என் மாற்றுச் சான்றிதழ் இருந்த பீரோவின்
சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு
பள்ளி எழுத்தர் பழனிக்கு நடந்து போயிருந்தார்.
அவர் மொட்டையடித்துத் திரும்புவதற்குள்
அரசாங்கம் ஒரு கோடு கிழித்துவிட்டது.
கோட்டுக்கு அந்தப் பக்கம் அவளுக்குப் பழைய பென்ஷன்.
இந்தப் பக்கம் எனக்குப் பிடித்தம்.

இருபத்துமூன்று வருஷமாக ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம்.
இதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.
தட்டுவடை செட் வாங்கினால்
என் பக்கம் ஒன்று கூடுதலாகத் தள்ளுவாள்.
அவ்வளவுதான்.

இன்று மதியம் தேர்வுப் பிரிவில் கூட்டமில்லை.
கருப்பூர் வெயில். ஜன்னலில் சேர்வராயன்.
அதற்கு முன்னால் வெள்ளைக்கல் சுரங்கத்து மேடுகள்,
யாரோ கொட்டிவைத்துக்
கணக்கெழுத மறந்த உப்பு மாதிரி.
எக்செல்லைத் திறந்தேன்.

முதல் காலத்தில் பி.பி.எஃப்.
தபால் முத்திரை வாசனை, கெடாத தூக்கம்.
அதற்குப் பதினைந்து வருஷம் வேண்டும்,
என்னிடம் பன்னிரண்டு இருக்கிறது.

இரண்டாம் காலத்தில் என்.பி.எஸ்.
அறுபதில் ஒரு பங்கைக் கையில் கொடுத்துவிட்டு
மிச்சத்தை மாதாமாதம் அளந்து ஊற்றும்,
ரேஷன் கடை மண்ணெண்ணெய் போல.

மூன்றில் மியூச்சுவல் ஃபண்டு.
ஐந்து ரோட்டு வங்கியில் குணாளன் என்றொரு பையன்
கைப்பேசியில் காட்டிய கோடு
ஏற்காட்டுக்குப் போவதுபோல மேலே போயிற்று.
கொண்டை ஊசி வளைவுகள் வரும்போது
கட்டைவிரலால் தள்ளிவிட்டான்.

செவ்வாய்ப்பேட்டைச் சீட்டுக்குக் காலம் போடவில்லை.
அந்த எழுபதாயிரத்தை
வீட்டிலேயே இன்னும் சொல்லவில்லை.

எல்லாம் நிரப்பிய பிறகு ஒரு கட்டம் காலி:
எந்த வயது வரை?

எழுபத்தைந்து போட்டேன், மூன்றாவது ஜெயித்தது.
எண்பத்தெட்டு, இரண்டாவது.
அறுபத்திரண்டு என்றதும்
பி.பி.எஃப். அடக்கமாக முன்னால் வந்து நின்றது.
இப்படியே மூன்று சாவை வரிசையில் உட்காரவைத்து
வட்டி பார்த்துக்கொண்டிருந்தேன்.
சாம்பார் ஆறிப்போயிற்று.
அப்பா ஐம்பத்தொன்பதில் போனார்.
அம்மாவுக்கு எண்பத்துநான்கு,
நேற்றுகூடக் கேபிள்காரனோடு சண்டை.
மூக்கு எனக்கு அப்பா ஜாடை.

தோளுக்குப் பின்னாலிருந்து ஜெசிந்தா,
“தொண்ணூறு போடுடி.”
டிபன் பாக்ஸைக் கழுவப் போகிறவள்
கதவருகே நின்று,
“அந்தாளு பழனிக்குப் போகாம இருந்திருக்கலாம்,”
என்றாள். போய்விட்டாள்.
குழாய் வெகுநேரம் திறந்தே இருந்தது.

பெருமாயி மாப்பை ஊன்றிக்கொண்டு
திரையைப் பார்த்தாள்.
தினக்கூலி, பதினேழு வருஷம்.
“என்னதுங்க மேடம் இது?”
“வயசான காலத்துக்குப் பணம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு காலம்.”
“அப்ப எனக்கும் ஒரு காலம் போடுங்க.”

விளையாட்டாகத்தான் கேட்டாள்.
நான்காவதன் தலையில் அவள் பெயரை அடித்தேன்.
சேர்ந்த தேதி?
“எதைச் சொல்றதுங்க?
ஒண்ணாந்தேதி சேத்துக்கறாங்க,
முப்பதாந்தேதி எடுத்துடறாங்க.”
அடிப்படைச் சம்பளம், கோடு.
பிடித்தம், கோடு.
எந்த வயது வரை?
“கை ஓடுற வரைக்கும்.”

சூத்திரத்தை இழுத்துவிட்டேன்.
பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று
சிவப்பில் சொன்னது.
அடைப்புக்குறியை மாற்றிப் பார்த்தேன்.
அதையே சொன்னது.

சுரங்க மேட்டிலிருந்து ஒரு லாரி
வெள்ளைத் தூசியை இழுத்துக்கொண்டு இறங்கியது.
மூடுமுன் சேமிக்கவா என்று கேட்டது கணினி.
“காலைக் கொஞ்சம் தூக்குங்க மேடம்,”
என்றாள் பெருமாயி.
தூக்கினேன்.
நாற்காலிக்கு அடியில் துடைத்துக்கொண்டு
அடுத்த மேஜைக்குப் போனாள்.