பூஜ்ஜியம் நொடி

முதலில் கணினியிடம் அனுமதி கேட்க வேண்டும்.
மைக்கைத் திறக்கலாமா என்று ஒரு சின்னப் பெட்டி வரும்.
ஆம் என்று நானே அழுத்திவிட்டேன்,
கொடுங்கையூர் வார்டு அலுவலகத்துக்கு
இனி வரப்போகிற எல்லோருக்குமாக.

ஈக்காட்டுத்தாங்கல், இரண்டாம் மாடி.
கீழே பைக்குக்கு சைலன்சர் மாற்றும் கடை.
எழுத வராதவர்கள் பேசிப் புகார் தரட்டும்,
பட்டனைத் தட்டினால் பதிவாகணும்,
பேச்சு நின்றால் தானாக நிற்கணும்,
இவ்வளவுதாம்மா வேலை என்றார் கான்ட்ராக்டர்.

ஒரு நொடிக் குரலை
பதினாறாயிரம் துண்டாக நறுக்குகிறது மைக்.
லாரிக்கு முன்னால் குடங்கள் மாதிரி
அவை பஃபரில் வந்து வரிசை கட்டுகின்றன.
உடனுக்குடன் எடுத்து வைக்காவிட்டால்
பின்னால் வந்தது முன்னால் நின்றதைத் தள்ளிவிடும்.
முதல் வாரம் முழுக்க இந்தத் தகராறுதான்.
தண்ணி வர்ல என்று நான் சொன்னால்
த வர்ல என்றது.
நடுவில் ண்ணியைக் காணோம்.

அடுத்தது மௌனம்.
மௌனம் எவ்வளவு என்று எண்ணில் சொல்ல வேண்டும்.
பூஜ்ஜியம் என்று எழுதினேன்.
பதிவு நிற்கவே இல்லை.
சென்னையில் பூஜ்ஜியம் கிடையாது.
ராத்திரி மூன்று மணிக்கும்
யார் வீட்டிலோ மோட்டார் காற்றை இறைக்கிறது,
மீனம்பாக்கத்தில் எதுவோ இறங்குகிறது,
என் ஃபேனின் மூன்றாவது இறக்கை எதிலோ உரசுகிறது.
நூற்றில் இரண்டு என்று ஏற்றினேன். நின்றது.
கூடவே ஒரு வடிகட்டி:
மனிதக் குரல் அல்லாத எதையும் வெட்டு.
வெட்டியது,
ஆட்டோ ஹாரனை, தெருமுனை ஸ்பீக்கரை,
கிளாடிஸ் மேடம் குத்துகிற ரப்பர் ஸ்டாம்ப்பை.
அன்றைக்கு எனக்கே என்மேல் ஒரு மரியாதை.

மே பதினாலாம் தேதி கணக்குப் பார்த்தேன்.
நூற்று எழுபத்து மூன்று கோப்புகள்.
ஒன்பதில் மட்டும் நீளம்: பூஜ்ஜியம் நொடி.
ஒன்பதும் காலை பத்தேகாலுக்கு,
ஒன்பது வேலை நாளாக.

கிளாடிஸ் மேடத்துக்கு போன் போட்டேன்.
"அதுவா, ரமீஜாம்மா. தெனம் வரும். பட்டனை அழுத்தும்."
பேசமாட்டாங்களா?
"என்னாண்ட நல்லாத்தான் பேசுது.
மிசினாண்ட வாயத் தொறக்காது."
அப்ப என்னதான் செய்வாங்க?
"கொடத்தைத் தட்டும்."

இரண்டு சாய்கோடு போட்டால் போதும்,
ஒரு வரி செத்துவிடும்.
வடிகட்டிக்கு முன்னால் போட்டேன்.

மறுநாள் வந்தது எட்டு நொடி.
டொப்.
கொஞ்சம் விட்டு, டொப் டொப்.
பிளாஸ்டிக் குடம். ஊதா என்று ஏனோ தோன்றியது.
வாயை மைக் பக்கம் திருப்பியிருக்க வேண்டும்:
ஒவ்வொரு தட்டுக்கும் பின்னால்
ஒரு காலி அறை திறந்து, மெதுவாக மூடுகிறது.

என் மேசைக்கருகே இருபது லிட்டர் கேன்,
நேற்று வந்தது, நாற்பது ரூபாய், இன்னும் திறக்கவில்லை.
மைக்கைக் கிட்டே வைத்து அதைத் தட்டினேன்.
தட்.
அவ்வளவுதான். திரையில் ஒரு முள், பிறகு நேர்கோடு.
நிறைகுடம் தளும்பாது, சரி.
அதற்குச் சொல்லவும் ஒன்றுமில்லை.

அழிந்த ஒன்பதை மீட்க முடியாது.
வெட்டியதை வைத்துக்கொள்ளாதே என்று
எழுதியவள் நான்தான்.

புகார் விவரம் என்ற கட்டத்தில்
சொற்கள் வேண்டும், கட்டாயம் நிரப்பவும்,
பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
டொப், டொப் டொப் என்று அடித்து அனுப்பினேன்.
கான்ட்ராக்டர் கூப்பிட்டார்:
"என்னம்மா இது, ஏதாச்சும் கோளாறா?"
இல்ல சார், சரியாத்தான் பதிவாகியிருக்கு.

வெள்ளிக்கிழமை, பத்தேகால்.
பதினாறு நொடி.
இந்த முறை
இரண்டு குடம்.