ஊடுருவாப் பரப்பு

விமானத்திலிருந்து எடுத்த படம்.
ஸ்டெட்லர்வில் மொத்தமும்
என் மவுஸின் கீழ் மல்லாந்து கிடக்கிறது.
மழை உள்ளே இறங்காத இடத்தையெல்லாம்
சிவப்புக் கோட்டால் வளைக்க வேண்டும்:
கூரை, கார் நிற்கும் தளம், நீச்சல்குள விளிம்பு,
எவரோ ஒரு சனிக்கிழமை
பீருக்கும் சிமென்ட்டுக்கும் நடுவே
கோணலாக ஊற்றிவைத்த நடைபாதை.
இரண்டாயிரத்து நானூறு சதுர அடி ஓர் அலகு.
அலகுக்கு மாதம் ஆறரை டாலர்.
பதினாறு மாதமாக இதுதான் என் வேலை.
ஊரின் உச்சந்தலை எனக்கு மனப்பாடம்.
முகம் தெரியாது.

முகங்கள் செவ்வாய்க்கிழமை வந்தன.
நகர்மன்றக் கூடத்தில் நாற்காலி போதவில்லை.
"மழைக்கு வரியா?" என்றது ஓர் அட்டை.
"வெயிலுக்கு மீட்டர்
வீட்டின் எந்தப் பக்கம் மாட்டுவீர்கள்?"
கூடம் சிரித்தது.
நானும் சிரித்துவிட்டு
கோப்புக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

போதகர் ஆர்லிஸ் கெம்ப் எழுந்தார்.
ஞாயிறு ஒருநாள் கார்கள்,
மற்ற ஆறு நாளும் காகங்கள்;
அந்தத் தார்வெளிக்கும் கோயில் கூரைக்கும் சேர்த்து
முப்பத்தோரு அலகு.
"நோவாவிடமே யாரும் பில் நீட்டவில்லை" என்றார்.
கைதட்டல்.

வெர்லின் ஸ்டவுட்ஸ் ஒரு புகைப்படத்தோடு
நேராக என் மேசைக்கு வந்தார்.
அவர் கொல்லையில் நான் வளைத்த
கறுப்பு வட்டம் கான்கிரீட் இல்லை,
டிராம்போலின்.
"வலை. வெறும் வலை.
மழை அதைத் தாண்டித்தான் புல்லுக்குப் போகிறது.
என் பெண்கள் நனைந்துகொண்டே குதிப்பார்கள்,
வந்து பாருங்கள்."
அவர் கண்ணெதிரே அழித்தேன்.
நூற்று ஐம்பது சதுர அடி குறைந்தது.
அலகு குறையவில்லை.
அதை மட்டும் வாயால் சொல்லாமல்
ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

கடைசியாக, கால்வாய்த் தெரு ஒடெஸா ப்ரூயிட்.
மைக் அவர் உயரத்துக்குத் தாழவில்லை;
மைக் இல்லாமலே பேசினார்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால்
சாணென்ன முழமென்ன என்று சொல்லலாம்.
ஒடெஸாவுக்கு அளவு தெரியும்:
நிலவறைப் படியில் நாலாவது, ஒரு சாண் குறைய.
மேட்டில் கடைவீதி வந்த வருஷத்திலிருந்து
மூன்று வாட்டர் ஹீட்டர்.
கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து விரித்தார்,
அப்பளம்போல் காய்ந்து சுருண்ட காகிதம்.
"போதகரே, இது உங்கள் சபை நோட்டீஸ்.
ஈஸ்டர் காலை விருந்துக்கு அழைப்பு.
தபாலில் வரவில்லை,
சாக்கடை வழியாக வந்தது.
உங்கள் மழை எல்லாம் என் வீட்டுக்குத்தான் வருகிறது.
பத்தொன்பது வருஷமாக
நான்தான் அதற்குக் கட்டணம் கட்டுகிறேன்.
பில்தான் வந்ததில்லை."

யாரும் கைதட்டவில்லை.
போதகர் அந்தக் காகிதத்தை வாங்கி
தேதியைப் பார்த்தார்.
மடிக்கவும் தெரியாமல்
திருப்பித் தரவும் தெரியாமல் வைத்திருந்தார்.

உட்காரப் போனவர் திரும்பி
என்னைப் பார்த்துக் கேட்டார்:
"எனக்கும் ஆறரை டாலரா?"

அவருக்கும் ஓர் அலகு.
எண்ணூற்று எழுபது சதுர அடிதான் கூரை;
ஆனால் ஒன்றுக்குக் கீழே அலகு இல்லை.
ஓடிப் போகிற நீருக்குப் பட்டியலில் இடம் உண்டு.
வந்து சேர்கிற நீருக்கு
நாங்கள் இடம் விடவில்லை.
"ஆமாம்" என்றேன்.
தலைவர் மணியைத் தட்டி
வாக்கெடுப்பை அடுத்த மாதத்துக்குத் தள்ளினார்.

வெளியே வரும்போது பிடித்துக்கொண்டது.
வண்டிக்குள் உட்கார்ந்து
வைப்பரைப் போடாமல் பார்த்தேன்.
நகர்மன்றத்தின் சொந்தத் தார்வெளி
விளக்கொளியில் மினுமினுத்தது.
ஒரு துளியையும் வைத்துக்கொள்ளாமல்
அத்தனையையும் மூலைக் கம்பிவலைக்கு அனுப்பியது.
அந்தக் குழாய் எங்கே போகிறது என்று
வரைபடம் பார்க்காமலே எனக்குத் தெரியும்.

மறுநாள் எட்டு மணிக்கு முன்னே போய்
எங்கள் கட்டடத்தையே வளைத்தேன்.
யாரும் வளைக்கச் சொல்லாத இடம்.
ஒன்பது அலகு.
உரிமையாளர் பெயர், என்று கேட்டது கணினி.
கட்டத்துக்குள்
சின்னக் கோடு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது.
காபி ஆறியது.
கூரைக் குழாயில் நேற்றைய மழை
இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.